ஒன்பது டப்பாவில் மாய்ஸ்சரைசர் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 27. எண்ணெய்ச் சருமம். கன்னத்திலும் தாடையிலும் பரு வந்து போகிறது. போன இடத்தில் கருந்தடம் நின்றுவிடுகிறது. ஆறு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததில் இப்போது ஒன்பது பொருள்கள்: நன்றாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ், கிளைகாலிக் ஆசிட் டோனர், வைட்டமின் சி சீரம், நியாசினமைட் சீரம், சாலிசிலிக் ஆசிட் சீரம், ரெட்டினால், ஸ்க்ரப், பீல்-ஆஃப் மாஸ்க், சன்ஸ்கிரீன். முகம் ஏற்கெனவே எண்ணெய் என்பதால் மாய்ஸ்சரைசர் போடுவதில்லை. சன்ஸ்கிரீன் தினமும் தவறாமல் போடுகிறேன், 50 மி.லி. ட்யூப் ஐந்து மாதமாக வருகிறது. இரண்டு மாதமாக முகம் கழுவினாலே எரிகிறது. பருவும் குறையவில்லை. இவ்வளவு செலவு இனிக் கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் தினமும் செய்யக்கூடிய முறை ஒன்று சொல்லுங்கள். தோழி ஒருத்தி தந்த க்ரீமும் இருக்கிறது. அவளுக்கு ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதைப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த க்ரீமைத் தொடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலில் தோலை உரிப்பதற்கென்றே நான்கு இருக்கின்றன: கிளைகாலிக், சாலிசிலிக், ஸ்க்ரப், பீல்-ஆஃப் மாஸ்க். ரெட்டினாலையும் வைட்டமின் சி-யையும் சேர்த்தால் எரிச்சல் தரக்கூடியவை ஆறு. இத்தனையையும் தாங்க வேண்டிய தோலின் மேலடுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும்.

அந்த மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவது தோல் மருத்துவத்தில் வழக்கம். செத்துத் தட்டையாகிப்போன செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்தது இடையில் இருக்கும் காரை. ஆசிட் செங்கலைப் பெயர்க்கிறது. கடுமையாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ் காரையைக் கரைத்துக்கொண்டு போகிறது. இடுக்கு விழுந்த சுவர் வழியே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். வெளியிலிருந்து படுவதெல்லாம் உள்ளே இறங்கி நரம்பு முனைகளைச் சீண்டும். முகம் கழுவினாலே எரிவது இதனால்தான்.

எண்ணெய் வழிகிற முகத்துக்கு இது எப்படி வரும் என்று கேட்பீர்கள். மினுமினுக்கும் எண்ணெய், மயிர்க்காலை ஒட்டிய சுரப்பியிலிருந்து வருவது. காரை, தோல் செல்களே தயாரிப்பது. ஒன்று மிஞ்சிப்போனாலும் மற்றதன் குறையை அது ஈடுகட்டாது. எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்ற நினைப்பு இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. இதற்கு நேர்மாறாக, 'கழுவக் கழுவ எண்ணெய் கூடும்' என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதையும் நம்ப வேண்டாம். அந்தச் சுரப்பி ஹார்மோன் சொல்வதைக் கேட்கும். நீங்கள் எத்தனை முறை கழுவினீர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காது. அதிகம் கழுவினால் கெடுவது காரை.

ஆகவே இன்று இரவிலிருந்து நான்கு வாரத்துக்கு மூன்றே பொருள்கள்: முகம் கழுவ ஒரு மென்மையான க்ளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மற்றதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பரு கூடிவிடுமோ என்று பயம் வரும். கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிகிற தோலில் பரு மருந்து எதைப் போட்டாலும் உங்களால் தொடர்ந்து போட முடியாது; இரண்டு நாள் போட்டு மூன்றாம் நாள் நிறுத்துவீர்கள், பலன் தெரியாது.

க்ளென்சரை இரவில் ஒருமுறை போட்டால் போதும். காலையில் வெறும் தண்ணீர். விடிந்ததும் பிசுபிசுப்பு தாங்கவில்லை என்றால் மட்டும் காலையிலும் கொஞ்சம். ஈர முகத்தில் பெரிய பட்டாணி அளவு, விரல் நுனியால் முப்பதிலிருந்து அறுபது விநாடி. பிரஷ் வேண்டாம், துணியால் தேய்க்க வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். சன்ஸ்கிரீன் தண்ணீரில் போகாத வகை என்றால் இரவில் அதே க்ளென்சரை இரண்டு முறை போட்டுக் கழுவுங்கள். அதற்கென்று தனியாக ஒரு எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள்.

க்ளென்சர் வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் முதல் நான்கைந்து பெயருக்குள் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். கிட்டத்தட்ட அதே பெயரில் வரும் லாரெத் சல்ஃபேட் அதைவிடச் சற்று மென்மை. கோகமிடோப்ரோபைல் பீட்டைன், கோகோயில் ஐசெத்தியோனேட் போன்ற பெயர்கள் முன்னால் வந்தால் நல்லது. குளியல் சோப்பு முகத்துக்கு ஆகாது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தோலில் ஐந்தை ஒட்டி இருக்கும், அசல் சோப்பினுடையது 9 முதல் 10. கழுவிய பின் விரல் வைத்தால் 'கிரீச்' என்று பிடிப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். காரை போய்விட்டது என்பதுதான் அதற்குப் பொருள். வாங்கிய க்ளென்சர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஒரு வழி: துடைத்து ஐந்து நிமிடம் கழித்து வாயை 'ஆ' என்று அகலமாகத் திறந்து பாருங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தால் அந்த க்ளென்சர் உங்களுக்குக் கடுமை.

மாய்ஸ்சரைசரைத் தோல் ஈரம் காயும் முன்னே, கழுவிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள், பூசிவிடுங்கள். உங்களுக்கு ஜெல் அல்லது இலகுவான லோஷன் ஒத்துவரும். பட்டியலில் கிளிசரின் முன்வரிசையில் இருக்கட்டும். செராமைடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. கிளிசரின் மலிவான பொருள் என்பதாலேயே அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆனால் நீரைப் பிடித்து வைப்பதில் விலை உயர்ந்த பல பெயர்களுக்கு அது சளைத்ததில்லை. 'நறுமணம் சேர்க்காதது' என்று போட்டிருப்பதை எடுங்கள். 'மணமற்றது' என்பது வேறு. அதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கக்கூடும். 'துவாரத்தை அடைக்காது' என்ற வாசகம் ஒரு குறிப்புதான், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கோரமும் வாயோரமும் அதிகம் எரிந்தால், இரவில் மாய்ஸ்சரைசர் மேல் அந்த இடத்தில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லியைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தடவலாம். நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் அதை மிஞ்சப் பொருளில்லை, அதுவும் சல்லிசு.

புதிதாக எது வாங்கினாலும் நேரே முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்புக்குள் ஒரு நாணய அளவு இடத்தில், காலை மாலை, ஏழு நாள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு நாள் தடவிப் பார்ப்பது போதாது. ஒவ்வாமை தலைகாட்டப் பல நாள் எடுக்கும். க்ளென்சரை மட்டும் அங்கேயே விட்டுவைக்காமல், முகத்தில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள்.

இப்போது சன்ஸ்கிரீன். உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தகவல் அந்த '50 மி.லி., ஐந்து மாதம்' என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 0.33 மி.லி. வருகிறது. வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்ட டப்பாவில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் அளக்கிறார்கள். முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஏறக்குறைய 1.25 மி.லி., கால் டீஸ்பூன். நீங்கள் பூசுவது அதில் நான்கில் ஒரு பங்கு. அளவு குறையக் குறையப் பாதுகாப்பும் சேர்ந்து சரியும். 50 என்று எழுதியிருந்தாலும் உங்கள் முகத்துக்குக் கிடைப்பது அதில் சொற்பம். பருத் தடம் போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கரண்டி எடுத்து அளக்க வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் ட்யூபிலிருந்து கோடு இழுங்கள். ஒரு விரலில் உள்ளதை முதலில் பூசி, ஒரு நிமிடம் விட்டு, மற்ற விரலில் உள்ளதைப் பூசுங்கள். ஒரேயடியாகப் பூசினால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும், எரிச்சலில் துடைத்துவிடுவீர்கள். காது மடல், கழுத்தின் பக்கவாட்டு, தலைமுடி தொடங்கும் ஓரம் இவை மூன்றும் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். பூசும்போது உருண்டு உருண்டு அழுக்குப் போல வந்தால், அடியில் உள்ள மாய்ஸ்சரைசர் காயவில்லை அல்லது அதிகமாகிவிட்டது. ஐந்து நிமிடம் பொறுத்து, தேய்க்காமல் தட்டித் தட்டிப் பூசுங்கள். உள்ளங்கையில் மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் குழைத்து ஒன்றாகப் போடுவது வேண்டாம். படலம் சீராக அமையாது.

இந்த அளவில் போட்டால் 50 மி.லி. நாற்பது நாள்தான் வரும். செலவு கூடுகிறதே என்றால், கூடட்டும், ஆனால் வழியோடு கூடட்டும். சரியான அளவில் பூசினால் எஸ்.பி.எஃப். 30 வெயிலில் உள்ள யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதத்தை. அந்த ஒரு சதவீதத்துக்காக விலை ஏறிய ட்யூபை வாங்கிக் கால் பங்கு பூசுவதைவிட, 30-ஐ வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கான பாதுகாப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்: 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ, பி.ஏ.+++ என்றோ இருக்கும். உடம்புக்கு என்று விற்கும் பெரிய டப்பாவும் முகத்துக்கு என்று விற்கும் சின்ன ட்யூபும் செய்யும் வேலை ஒன்றே; வாசனை இல்லாமல், பிசுபிசுக்காமல் இருந்தால் பெரியதை எடுங்கள். உங்களைப் போல எண்ணெய்ச் சருமம் உள்ளவர்களுக்கு, எரிச்சல் அடங்கிய பிறகு, காலையில் சன்ஸ்கிரீனே மாய்ஸ்சரைசர் வேலையையும் பார்த்துவிடும். அங்கே ஒரு மிச்சம்.

வெயிலில் நிற்கும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். நாள் முழுவதும் அறைக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருபவர் காலையில் ஒருமுறை முழு அளவு பூசி, மறுபடி வெளியே கிளம்பும்போது ஒருமுறை பூசினால் போதும். ஜன்னலோரம் என்றால் கணக்கு வேறு: சாதாரணக் கண்ணாடி யூ.வி.பி.-யைத் தடுக்கும், யூ.வி.ஏ. பெரும்பகுதி உள்ளே வரும். கருந்தடமோ மங்கோ இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறத்தைக் கூட்டும், முக்கியமாக மாநிற, கறுத்த தோலில். அதைத் தடுப்பது இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, லேசாக நிறம் கொண்ட சன்ஸ்கிரீன்தான். அடுத்த ட்யூப் வாங்கும்போது நிறம் கொண்டதை வாங்குங்கள். வெள்ளைப் பூச்சு தெரிகிற தொல்லையும் போகும். தொப்பிக்கும் குடைக்கும் மாதாமாதம் செலவில்லை.

பணத்தை எங்கே குறைப்பது என்பதற்கு எளிய விதி: கழுவிவிடும் பொருளில் குறையுங்கள், முகத்திலேயே நிற்கும் பொருளுக்குக் கொடுங்கள். க்ளென்சரில் வைட்டமின் சி, நியாசினமைட் என்று என்னென்ன போட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும். விலையை மி.லி.-யால் வகுத்துப் பாருங்கள். அழகான கண்ணாடிப் புட்டிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். டப்பாவின் பின்னால் மூடி திறந்த டப்பா போன்ற சின்னமும் அதில் '6 எம்', '12 எம்' என்றும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள். சன்ஸ்கிரீனை வண்டிக்குள் வெயிலில் விட்டுவைத்தால் அதற்கு முன்பே கெட்டுப்போகும்.

நான்கு வாரத்தில் எரிச்சல் நின்றிருக்க வேண்டும். மாய்ஸ்சரைசர் போடும்போது ஒரு வாரம் தொடர்ந்து சுருக்கென்று எதுவும் இல்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதற்கு முன் போக வேண்டாம்.

அடுத்த கட்டம் ஒரே ஒரு மருந்து. பரு, பருத் தடம் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கக்கூடியது ரெட்டினாய்டு வகை. கையில் அந்த வகையைச் சேர்ந்த ரெட்டினால் இருக்கிறது, தீரும் வரை அதையே போடுங்கள். தீர்ந்த பிறகு மறுபடி அதை வாங்காமல் அதே வகை மருந்தான அடபலீன் 0.1 சதவீத ஜெல்லுக்கு மாறுங்கள். பருவுக்கு அதன் பலன் நன்றாக நிரூபணமானது. சில நாடுகளில் அதற்கு மருந்துச்சீட்டு வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தரிக்க முயன்றாலோ இந்த வகையையே தவிர்த்து, அஸலேயிக் ஆசிட் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

போடும் முறையில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். இரவு கழுவி, முகம் முழுக்கக் காயட்டும். ஈரத்தில் போட்டால் எரிச்சல் கூடும். மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. பிறகு முழு முகத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டாணி அளவு: நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைக்கக்கூடாது. இது வந்த பருவைவிட வரப்போகும் பருவுக்கான மருந்து. கண்ணைச் சுற்றியும், மூக்கு மடிப்பிலும், உதட்டோரத்திலும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒன்றரை மாதத்துக்குப் பின் தோல் தாங்கினால் தினமும். லேசாகத் தோல் உரியலாம். எரிந்து சிவந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, இடைவெளியைக் கூட்டித் தொடருங்கள்.

முதல் சில வாரத்தில் பரு கூடுதலாகத் தெரியலாம். வழக்கமாக வரும் இடத்திலேயே வந்து, ஆறு வாரத்துக்குள் தணிந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். பரு எப்போதும் வராத இடத்தில் பொரிப்பொரியாக, அரிப்போடு வந்தால் அது ஒவ்வாமை, நிறுத்திவிடுங்கள். பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் ஆகும். கண்ணாடியில் தினமும் தேடாமல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம் என்று ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கருந்தடம் மங்கப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்; கிள்ளினால் மறுபடி முதலிலிருந்து.

அலமாரிப் பெட்டிக்கு வருவோம். நியாசினமைட் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தால், எரிச்சல் அடங்கிய பிறகு காலையில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் ரெட்டினால் பழகிய ஒரு மாதம் கழித்து. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. வைட்டமின் சி பழுப்பு நிறமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் வீசிவிடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். சாலிசிலிக், மூன்று மாதம் கழித்தும் மூக்கில் கரும்முனைகள் இருந்தால், ரெட்டினால் போடாத இரவில் மூக்குக்கு மட்டும். கிளைகாலிக் டோனர் முழங்கைக்கும் குதிகாலுக்கும் நன்றாகவே உதவும். ஸ்க்ரப்பும் பாதத்துக்குப் போகட்டும். பீல்-ஆஃப் மாஸ்க் மட்டும் எதற்கும் ஆகாது. அது பிடுங்கி எடுக்கும் சாம்பல் நிற முனைகளில் பெரும்பாலானவை துவாரத்தில் இயல்பாக இருக்கும் எண்ணெய் இழைகள். சில வாரத்தில் மறுபடி நிறைந்துவிடும்.

நெற்றியில் மட்டும் பரு என்றால் தலைக்குத் தடவும் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். உங்களுக்குத் தாடையில் வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் க்ரீமோடு நிற்காமல் ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள் வந்தாலும், பரு போன இடத்தில் குழி விழுந்தாலும் பன்னிரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தழும்பு விழுந்த பின் சரிசெய்யும் செலவு இதுவரை நீங்கள் செய்த செலவையெல்லாம் தாண்டும்.

இனி அந்தத் தோழியின் க்ரீம். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: ஸ்டீராய்டு, பாதரசம். ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை அடக்கிவிடும், பருவும் உடனே அமுங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வலை போலத் தெரிந்து, நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். பாதரசம் தோலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போகும். டப்பாவில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுப் பெயர்களோ, பாதரசத்தைக் குறிக்கும் கலோமெல், மெர்குரி என்ற சொற்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலப்பொருள் பட்டியலே இல்லாவிட்டால் அதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோழியிடம் இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் ஸ்டீராய்டு என்று தெரிந்து, அவர் வாரக்கணக்கில் போட்டுவந்திருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கட்டும். பாதரசம் என்றால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.